லிஸ்ட்ரோசோரஸைச் சும்மா புகழாதீங்க

கொஞ்ச நாளா ஒரு படம் சுத்துது. அலகு வாயும் இரண்டு கோரைப்பல்லுமா ஒரு பழங்கால மிருகம். கீழே, "பேரழிவிலயே இது தப்பிச்சது, உன்னால முடியாதா?" எண்டு எழுதிக்கிடக்கு. மட்டக்களப்பு ஆக்கள்தான் கூடப் பகிருறாங்க. விளங்குது. 78 சூறாவளி, யுத்தம், சுனாமி எல்லாம் பார்த்த சனம்.

லிஸ்ட்ரோசோரஸ் டைனோசர் இல்லை, அதுகளுக்கும் முந்தினது. நம்ம காட்டுப்பன்றிக்கு ஆமை வாய் வச்சா எப்படியோ அப்படி. இலைதழைதான் சாப்பாடு. 25 கோடியே 20 லட்சம் வருஷத்துக்கு முந்தி சைபீரியாவில எரிமலைக் குழம்பு பொங்கி, காபனீரொட்சைட்டு ஏறி, பூமி சூடாகி, கடல் இனங்களில பத்தில எட்டுக்கு மேல அழிஞ்சுது. அதுக்குப் பிறகும் இதின்ர எலும்பு தென்னாபிரிக்கா, இந்தியா, சீனா, அந்தாட்டிக்கா எண்டு கிடைக்குது. அப்ப கண்டங்கள் ஒண்டா ஒட்டி ஒரே பெருநிலமாக் கிடந்தது, இலங்கையும் அதோடதான். ஆனா எங்கட காலுக்கடியில இருக்கிறது அதை விடப் பழைய பாறை, இங்க தோண்டி வேலையில்லை.

தப்பினதுக்கு மனவலிமை காரணமில்லை. முன்னங்கால் பலமானது, குழி தோண்டும். அந்தாட்டிக்காவில எடுத்த பல்லை வெட்டிப் பார்த்தவங்க, கஷ்டகாலத்தில உடம்பின்ர வேகத்தைக் குறைச்சு உறங்கிக் கிடந்ததுக்கு அடையாளம் இருக்கு எண்டு 2020 இல எழுதினாங்க. குழி தோண்டிற பழக்கம் அழிவு வந்த பிறகு பழகினதில்லை, முந்தியே இருந்தது.

அந்தப் பதிவில இல்லாத பக்கம் இனித்தான். தென்னாபிரிக்க எலும்புகளின்ர வளர்ச்சிக் கோடுகளைப் பார்த்த 2016 ஆய்வொன்று, அழிவுக்கு முந்தி 13, 14 வருஷம் வாழ்ந்த மிருகம், பிறகு இரண்டு, மூன்று வருஷத்திலேயே செத்துப்போனதா சொல்லுது. இனம் நிலைச்சது, சின்ன வயசிலேயே இனம் பெருக்கத் தொடங்கினதால.

இதை வாசிக்கேக்க எனக்கு எங்கட பக்கம்தான் நினைவு வந்தது. யுத்த காலத்தில பிள்ளையைச் சண்டைக்குப் பிடிச்சுக்கொண்டு போயிருவாங்க எண்ட பயத்தில, படிக்கிற வயசிலேயே கலியாணம் கட்டி வச்ச வீடுகள் எத்தனை! அந்தப் பிள்ளைகளும் தப்பினதுதான். அவங்களைப் பார்த்து "நீங்க எவ்வளவு உறுதியான ஆக்கள்" எண்டு சொல்ல எனக்கு வாய் வராது. சுனாமிக்குப் பிறகு வந்த பயிற்சிப் பட்டறைகளில அதைத்தான் சொன்னாங்க, தேத்தண்ணியும் றோல்ஸும் தந்து.

2004 டிசம்பர் 26, சுமாத்திராவில நிலம் அதிர்ந்து எங்கட கரைக்கு அலை வர ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல எடுத்தது. கல்லடியில இருந்தோ காரைதீவில இருந்தோ உள்ளுக்கு நடந்தே போயிருக்கலாம். சொல்ல ஆளில்லை. நாட்டிலேயே கூட உயிர் போனது அம்பாறை மாவட்டத்தில. செத்தவங்களுக்கு மனவுறுதி குறைவா? குழிதான் இருக்கல்ல.

அதால என்னட்ட "தாங்கும் சக்தி" பற்றிப் பேச வாறவங்க, முதல்ல வடிகான் துப்பரவாக்கியாச்சா எண்டு சொல்லுங்க. கரையோரத்து எச்சரிக்கைக் கோபுரத்தைக் கடைசியா எப்ப சோதிச்சது? நவம்பர் மழை வரப்போகுது. எங்கட ஊரில சனம் ஒதுங்கிற மண்டபத்தின்ர சாவி ஆரிட்ட இருக்கு, தெரிஞ்ச ஆக்கள் கீழ எழுதுங்க.