அந்த 10%, 90% பிரமிடு பத்தி

படிச்சா 10%தான் மனசுல நிக்கும், அடுத்தவங்களுக்கு சொல்லிக் கொடுத்தா 90% நிக்கும்னு பிரமிடு படம் போட்டு, காலேஜ் பேராசிரியர்களுக்கு ட்ரெயினிங்கே இத வச்சுதான் நடத்தணும்னு உங்க பதிவுல எழுதியிருக்கீங்க, அது தப்புங்க. இதுக்கு மூலம்னு சொல்ற, அமெரிக்க கல்வியாளர் எட்கர் டேல் 1946ல போட்ட கூம்பு படத்துல ஒரு பர்சென்ட் கூட கிடையாது, நம்பரெல்லாம் பின்னாடி ஒட்டினது, இன்னும் எஃப்டிபி (பேராசிரியர் ட்ரெயினிங்) ஸ்லைடுல இது வர்றது ரொம்ப வருத்தமா இருக்கு. நிஜமான ஆதாரம் இருக்கே, 2014ல ஃப்ரீமன்ங்கற ஆராய்ச்சியாளரோட குழு அறிவியல், இன்ஜினியரிங், கணக்கு வகுப்புகள் பத்தின 225 ஆய்வுகள சேர்த்து பாத்தாங்க, வெறும் லெக்சர்ல ஃபெயில் சுமார் 34%, பசங்கள யோசிக்க, பேச வச்ச க்ளாஸ்ல 22%. லெக்சர நடுவுல நிறுத்தி ஒரு கேள்வி போடுங்க, முதல்ல தனியா பதில், அப்புறம் பக்கத்துல இருக்கறவங்களோட பேசிட்டு மறுபடி பதில், ஹார்வர்டுல எரிக் மாசூர் ஃபிசிக்ஸ் க்ளாஸ்ல செஞ்சது இதான். ட்ரெயினிங்ல இத செஞ்சு காட்டுங்க, அந்தப் படத்த தூக்கிடுங்க ப்ளீஸ்.