ரூல் புக்கு சாமி ரூம்ல இருக்கு

போர்டு கேமோட ரூல் புக்கும் புக்குதானாம். புக்குன்னா சரஸ்வதி பூஜைக்கு சாமி ரூமுக்குப் போகணுமாம். போனா விஜயதசமி காலையில தீபாராதனை முடிஞ்சுதான் வெளிய வருமாம். நடுவுல தொட்டா படிப்பு ஏறாதாம். எனக்கு முப்பத்து நாலு வயசு ஆகுது, இனிமே எந்தப் படிப்பு எங்க ஏறப் போகுதுன்னு கேட்டேன். "அதான் ஏறலையே, அதுக்குத்தான்டா சொல்றேன்"னு அம்மா ஒரே வரியில கதையை முடிச்சுட்டாங்க.

சரி, போர்டு கேம்தான் போச்சு, வீடியோ கேமாவது ஆடலாம்னு திரும்பினா அங்க ஆயுத பூஜை. கன்சோலை ஈரத்துணியால துடைச்சு (ஈரத்துணி!), பவர் பட்டன் மேல அளவெடுத்த மாதிரி ஒரு சந்தனப் பொட்டு, அதுக்கு மேல குங்குமம். கன்ட்ரோலர் ஸ்டிக்கு ரெண்டுக்கும் தனித்தனிப் பொட்டு. இந்தப் பக்கம் அரிவாள், அந்தப் பக்கம் மம்பட்டி, நடுவுல என் கன்சோல். "உன் ஆயுதம் இதுதானே"ன்னு அம்மா சொன்னாங்க பாருங்க, அதுல பக்தி எவ்வளவு, குத்தல் எவ்வளவுன்னு எனக்கு இன்னும் பிரிக்கத் தெரியல. அக்கா லேப்டாப்புக்கு மட்டும் விலக்கு. ஆபீஸ் கால் இருக்காம். சரஸ்வதி ஆபீஸ் காலை மட்டும் மன்னிச்சுடுவா போல.

சில்க்சாங் பாதியில நிக்குது. அந்த வயித்தெரிச்சல் ஆடுறவங்களுக்குத்தான் தெரியும். 2019 பிப்ரவரில அறிவிச்ச கேம். அடிலெய்டுல விரல் விட்டு எண்ணக்கூடிய ஆளுங்க சேந்து, வரும் வரும்னு ஆறரை வருஷம் ஓட்டி, 2025 செப்டம்பர் 4ஆம் தேதி விட்டாங்க. உலகமே ஒரே நேரத்துல போய் நின்னதுல அன்னைக்கு ஆன்லைன் கடைங்க எல்லாம் மூச்சு முட்டிப் படுத்துருச்சு. கேம் எப்படின்னா, கையெடுத்துக் கும்பிடவும் தோணுது, செவுத்துல முட்டிக்கவும் தோணுது. நாம ஆட்டி வைக்கிற ஹார்னெட் கீழ குத்துறது நேரா இல்ல, சாய்வா. அது கைக்குப் பழகுறதுக்குள்ள கட்டை விரல் கழண்டுடும். எவன் எவனோ லேசா உரசினாலே உயிரு ரெண்டு ரெண்டு மாஸ்க்கா போகுது. வந்த சூட்டோட ஒரு பேட்ச் விட்டு ஆரம்பத்துல வர்ற பெரிய வில்லன் ரெண்டு பேரைக் கொஞ்சம் அடக்கினாங்க, சரி. ஆனா பெஞ்சு? சேவ் பண்ற பெஞ்சுல உக்கார காசு கேக்குறாங்க சார்! எல்லாத்துலயும் இல்ல, சிலதுல. இன்னொரு பெஞ்சு உக்காந்தா அடிக்கவே செய்யுது. கும்பகோணம் பஸ் ஸ்டாண்டுல கூட உக்கார்றது ஓசிதான்.

இதுல பெட்டியில வர்ற கேமை நம்பலாம்னா அதுவும் இல்ல. நின்டெண்டோவோட ஸ்விட்ச் 2 கன்சோலுக்குக் கேம் கீ கார்டுன்னு ஒண்ணு கொண்டு வந்திருக்காங்க. பெட்டி இருக்கு, கார்டு இருக்கு, கார்டுக்குள்ள கேம் இல்ல. நீங்களே டவுன்லோடு பண்ணிக்கணும். பண்ணினதுக்கு அப்புறமும் ஆடும்போது கார்டு உள்ளயே இருக்கணும். கம்ப்யூட்டர்ல ஆடலாம்னா பால்டர்ஸ் கேட் 3ங்கிற ஒரு கேம் மட்டும் கேக்குற இடமோ 150 ஜிபி. எங்க தெருவுல வானம் லேசா இருட்டினாலே நெட்டு பயந்துக்கும். அட்டைக்கும் மரத்துக்கும் டவுன்லோடு கிடையாது, கரண்டு வேணாம், பெட்டியைத் திறந்தா ஆட்டம் ஆரம்பிச்சுடும்னு நம்பித்தான் நான் போர்டு கேம் பக்கமே வந்தேன்.

ஆரம்பிச்சுடுமாம்!

நேத்து சாயங்காலம். பூஜை முடிஞ்சு பொரி கடலை, சுண்டல் எல்லாம் ஆச்சு. பெரியப்பா, அத்தை, அத்தை வீட்டு மாமா, அக்கா, அக்கா பொண்ணுன்னு கூட்டம் சும்மா உக்காந்து கொட்டாவி விட்டுட்டிருந்துச்சு. விங்ஸ்பான்ங்கிற போர்டு கேமை எடுத்தேன். புது ஆட்டம் இல்ல, 2019ல வந்தது. எலிசபெத் ஹார்கிரேவ்ங்கிற அம்மா பறவைப் பைத்தியத்துல உருவாக்கினது. கொஞ்சம் விவரமான ஆட்டங்களுக்குன்னு ஜெர்மனில குடுக்குற விருதை அந்த வருஷம் வாங்கினது. 170 பறவை கார்டு, ஒவ்வொண்ணும் கையால வரைஞ்ச படம். சின்னச் சின்னதா பொம்மை முட்டை, இளங்கலர்ல, பாத்தாலே கையில எடுத்து உருட்டத் தோணும்.

அந்த முட்டைதான் முதல் வில்லன். "ஏன்டா, புரட்டாசி மாசம், பூஜை போட்ட வீடு, நடு ஹால்ல முட்டையைக் கொட்டி வெச்சிருக்க?" பொம்மை முட்டை அத்தைன்னேன். "பொம்மையோ நிஜமோ, முட்டைன்னுதானே சொல்ற?" இதுக்கு என்ன பதில் இருக்கு? மாமாதான் பஞ்சாயத்து பண்ணி வெச்சாரு. யாரும் வாயால முட்டைன்னு சொல்லக் கூடாது, மாத்திரைன்னு சொல்லிக்கலாம். ஆக நேத்து ராத்திரி எங்க வீட்டுல பறவைங்க எல்லாம் மாத்திரை போட்டுச்சு.

இந்த ஆட்டத்தை விளக்க எவ்வளவு நேரம் ஆகும்? இதோ பாருங்க. ஆளுக்கு ஒரு மேட். அதுல காடு, புல்வெளி, நீர்நிலை. உங்க முறை வந்தா நாலுல ஒண்ணு செய்யலாம்: பறவையை வைக்கலாம், இரை எடுக்கலாம், முட்டை போடலாம், கார்டு எடுக்கலாம். நாலு ரவுண்டு, முதல்ல எட்டு தடவை, அப்புறம் ஏழு, ஆறு, அஞ்சு. முடிஞ்சுது. படிச்சுட்டீங்கல்ல? உயிரோடதானே இருக்கீங்க?

"ஆளுக்கு ஒரு மேட்"னு வாயெடுத்தேன். பெரியப்பா பகடையைக் கையில எடுத்துக் குலுக்க ஆரம்பிச்சுட்டாரு. "தாயம் விழுந்தாத்தானே காய் உள்ள வரும்?" தாயம் இல்ல பெரியப்பா. "அப்ப ஆறு, பன்னெண்டு விழுந்தா மறுபடி போடலாமா?" பகடையில எண்ணே இல்ல பெரியப்பா, புழு, தானியம், பழம், மீன், எலின்னு படம்தான் இருக்கு. அஞ்சு பகடையையும் அவர் ஒரு நிமிஷம் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. "எண்ணு இல்லாத தாயக்கட்டையை வெச்சு என்னத்த ஆடுறது?" பகடை போடுற அட்டைக் கோபுரத்தை அத்தை உண்டியல்னு நெனச்சு, யாருக்கு வேண்டிக்கிட்டதுன்னு விசாரிச்சாங்க.

"உங்க முறை வந்தா"ங்கிற வரைக்கும் வந்தேன். பெரியப்பாவுக்குப் போன். அறுத்த குறுவை நெல்லு ஈரமா இருக்காம். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினா எடுக்க மாட்டாங்க, மழை வேற வரும்போல இருக்கு, தார்ப்பாயைப் போடு, வேணாம் எடு, காத்து வரட்டும், இல்ல போடுன்னு வாசல்ல நின்னு ஒரு சுத்து பேசி முடிச்சுட்டு வந்தாரு. அது நியாயமான கவலை, நான் ஒண்ணும் சொல்லல. வந்து உக்காந்து வேட்டியைச் சரி பண்ணிக்கிட்டு, "ம், முதல்லேர்ந்து சொல்லு"ன்னாரு.

முதல்லேர்ந்து சொன்னேன். "ஆளுக்கு ஒரு மேட்."

"இதுல மயில் எங்க?"

இது அமெரிக்கப் பறவைங்க பெரியப்பா, மயில் இருக்காது. வான்கோழி இருக்கு. "வான்கோழி இருக்கு, மயில் இல்ல?" மீன்கொத்தி இருக்கு, அமெரிக்க மீன்கொத்தி. ஆசியப் பறவைங்களுக்குத் தனிப் பெட்டியே வந்திருக்கு, அதை அப்புறம் வாங்கலாம்னேன். "கோடியக்கரைக்கும் வடுவூருக்கும் எங்கெங்கேர்ந்தோ பறவை வருது. அதைப் போய் சும்மா பாக்காம, காசு குடுத்து அமெரிக்கப் பறவையை அட்டையில வாங்கி..." அதுக்கப்புறம் பேசினது பறவையைப் பத்தி இல்ல, என் சம்பளத்தைப் பத்தி.

எப்படியோ ஆட்டம் நகர்ந்துச்சு. பெரியப்பா முதல் பறவையைக் காட்டுல வெச்சாரு. அடுத்த சுத்துல ரெண்டாவதையும் அதே வரிசையில வைக்கப் போனாரு. இங்கதான் அந்த ரூல். வரிசையில முதல் பறவை இலவசம். ரெண்டாவது, மூணாவதுக்கு ஒரு முட்டை குடுக்கணும், நாலாவது, அஞ்சாவதுக்கு ரெண்டு.

"எதுக்குக் குடுக்கணும்?"

அதான் ரூலு.

"பறவை வந்தாத்தானே மாத்திரை வரும்? மாத்திரையைக் குடுத்தாத்தான் பறவை வரும்னா எந்த ஊரு நியாயம்? எங்க எழுதியிருக்கு, காட்டு."

எங்க எழுதியிருக்கு. காட்டு. இந்த ரெண்டு வார்த்தைக்காகத்தான் இந்தப் பதிவே. எழுதியிருக்கு! பத்தடி தூரத்துல, சரஸ்வதி படத்துக்குக் கீழ, அக்கா பொண்ணோட கணக்கு நோட்டுக்கும் கந்த சஷ்டி கவசத்துக்கும் நடுவுல எழுதியிருக்கு! மேட்டுலயே மேல முட்டைப் படம் அச்சடிச்சிருக்கு, அதைக் காட்டினேன். "படம்லாம் சட்டம் ஆகுமா?" சரி, போன்ல ரூல் புக்கோட பிடிஎஃப் எடுக்கலாம்னு கையை வெச்சேன். அடுப்படியிலேர்ந்து அம்மா குரல்: "போன்ல படிச்சாலும் படிப்புதான்டா." வீடியோ பாக்குறது படிப்பு இல்லையேன்னு யூடியூப்ல ஒரு வெள்ளைக்காரர் விளக்குறதைப் போட்டா, ரெண்டு விளம்பரம் ஓடி, அவர் தன்னை அறிமுகப்படுத்திக்கிட்டு, சேனலுக்கு நன்றி சொல்லி, பெட்டியைத் தடவிக் காட்டி முடிக்கிறதுக்குள்ள மாமா குறட்டை விட ஆரம்பிச்சுட்டாரு.

எக்ஸ்பெடிஷன் 33ன்னு ஒரு பிரெஞ்சு வீடியோ கேம். அதுல எதிரி அடிக்கிற நொடியில சரியா பட்டனைத் தட்டினா அடி நம்ம மேல விழாது. எப்படித் தட்டணும்னு அதுவே சொல்லிக் குடுக்கும். தட்டத் தவறினா அடி விழும். எந்த அரக்கனும் நின்னு "எங்க எழுதியிருக்கு"ன்னு கேக்குறதில்ல. அந்த மரியாதை ஒரு பிரெஞ்சு அரக்கன்கிட்ட இருக்கு.

நடுவுல ஒரு கொடுமை. இரைப் பகடை எல்லாத்துலயும் ஒரே படம் இருந்தா, எடுக்குறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் மறுபடி உருட்டலாம்னு ரூல் இருக்கு. அப்படி ஒரு தடவை அமைஞ்சுது. சொல்லித் தொலைச்சேன். பெரியப்பா தொடையைத் தட்டி, "பாத்தியா! தாயம் இருக்கு! மறைச்சிருக்கான்!" இந்த ரூலை மட்டும் எங்க எழுதியிருக்குன்னு யாரும் கேக்கல.

இன்னைக்கு விஜயதசமி. பூஜையிலேர்ந்து எடுத்த புக்கை அங்கேயே உக்காந்து கொஞ்சமாவது படிக்கணும், அது முறை. எல்லாரும் அவங்கவங்க புக்கை எடுத்தாங்க, நான் என் புக்கை எடுத்தேன். சந்தனம் காஞ்சு ஒட்டிக்கிட்டிருந்த பக்கத்தைப் பிரிச்சு, சாமி முன்னாடி, சம்மணம் போட்டு, பெரியப்பா காதுல விழுற மாதிரி அந்த ரூலைச் சத்தமா இங்கிலீஷ்ல படிச்சு, தமிழ்லயும் சொன்னேன்: ரெண்டாவது பறவைக்கு ஒரு முட்டை.

"சாமி ரூம்ல முட்டையாடா?"ன்னு அத்தை.

பெரியப்பா நிதானமா விபூதி இட்டுக்கிட்டாரு. "இங்கிலீஷ்ல என்ன வேணாலும் இருக்கும். நீ சொல்ற அர்த்தம்தான்னு எப்படி நம்புறது?"

சிரிப்பு வந்துடுச்சு. என்ன பண்றது, நான்தான் முதல்ல சிரிச்சேன், அப்புறம் அம்மா, அப்புறம் எதுக்குன்னே தெரியாம மாமா. ஜெயிச்சது யாருன்னு கேக்குறீங்களா? அக்கா பொண்ணு. விளக்கும்போது ஒரு வார்த்தை கேக்காம படம் மட்டும் பாத்துக்கிட்டிருந்தவ. மேட்டுல இருந்த படத்தையும்தான்.

அடுத்து பாம் பஸ்டர்ஸ் வாங்கலாம்னு இருந்தேன், 2025க்கு ஜெர்மனில வருஷத்தோட சிறந்த ஆட்டம்னு விருது வாங்கினது. எல்லாரும் ஒரே கட்சி. அவங்கவங்க வயரைத் தனக்கு மட்டும் தெரியிற மாதிரி வெச்சுக்கிட்டு, அடுத்தவர் கையில என்ன எண் இருக்குன்னு யூகிச்சு ஜோடி ஜோடியா வெட்டணும். சிவப்பு வயரை வெட்டிட்டா எல்லாரும் காலி. 66 மிஷன் இருக்கு. எங்க வீட்டுல ஒரு மிஷனுக்குள்ள பாகப்பிரிவினை ஆயிடும். வேணாம்.

இதெல்லாம் கூடப் பரவால்ல, அந்த அமெரிக்க மீன்கொத்தி மேல யாரோ டபராவை வெச்சுட்டாங்க, வட்டமா கறை. காப்பி நல்லாருந்துச்சு, அதனால வாயை மூடிக்கிட்டேன். ஆனா காப்பின்னதும் ஞாபகம் வருது: செங்கல்பட்டு தாண்டினதுலேர்ந்து ரோட்டோரம் முழுக்க "கும்பகோணம் டிகிரி காப்பி"ன்னு போர்டு வெச்சிருக்காங்களே, அவங்கள்ல எத்தனை பேரு கும்பகோணத்தைக் கண்ணால பாத்திருக்காங்க? பித்தளை டபராவுல ஊத்தினா டிகிரி ஆயிடுமா? பாலுல தண்ணி, டிகாஷன்ல தண்ணி, அதை மறைக்க ரெண்டு கரண்டி சக்கரை. ஊருக்கு வர்ற வழியில தூக்கக் கலக்கத்துல பஸ்ஸை விட்டு இறங்கி, எங்க ஊர் பேரைப் போட்ட அந்த வெந்நீரை நானே காசு குடுத்துக் குடிக்கணும். டோக்கன் வேற முன்னாடியே வாங்கணுமாம்.