தாக்குப்பிடித்த ஸ்டூடியோ

பால்டர்ஸ் கேட் 3 என்ற வீடியோ கேம் பற்றிப் பேச்சு வந்தால் நம் பிள்ளைகள் 2023 டிசம்பரில் இருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். லாஸ் ஏஞ்சலஸ் மேடை, இரும்புக் கவசம் மாட்டிக்கொண்டு ஏறி வந்த இயக்குநர் ஸ்வென் வின்கே, அந்த ஆண்டின் சிறந்த கேம் விருது. பார்க்க எனக்கும் மெய்சிலிர்த்தது. ஆனால் அந்த மனிதரிடம் கற்றுக்கொள்ள வேண்டியதில் முக்கால்வாசி, அந்த மேடைக்கு முந்தைய இருபத்தைந்து வருடத்தில் கிடக்கிறது. கோலாலம்பூரில் கேம் துறையில் இருக்கிறவர்களும் இனி வரப்போகிறவர்களும் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

வின்கே 1996-இல் பெல்ஜியத்தில் லாரியன் ஸ்டூடியோஸைத் தொடங்கினார். அப்போது அவருக்கு இருபத்து சொச்சம் வயது. 2002-இல் 'டிவைன் டிவினிட்டி' வெளிவந்தது. அந்தப் பெயரே அவர் வைத்தது இல்லை, பப்ளிஷர், அதாவது பணம் போட்டு கேமை வெளியிடும் நிறுவனம், வைத்தது. அவருக்கு அது பிடிக்கவும் இல்லை. கேமுக்கு நல்ல விமர்சனம் வந்தது, விற்கவும் செய்தது. ஆனாலும் ஸ்டூடியோவுக்குக் காசு வந்து சேரவில்லை. பெரும்பாலானவர்களை அனுப்பிவிட்டு, விரல்விட்டு எண்ணும் அளவு ஆட்களோடு நிற்க வேண்டிய நிலை.

நல்லா விற்ற கேமுக்குக் காசு வராமல் எப்படிப் போகும் என்று வெளியில் இருப்பவர்கள் கேட்பார்கள். இந்தத் துறையின் கணக்கு அப்படி. பப்ளிஷர் முன்பணம் தருவார், அதையும் மொத்தமாகத் தர மாட்டார், வேலை ஒவ்வொரு கட்டம் முடிய முடியத்தான் வரும். கேம் விற்க ஆரம்பித்ததும் ஸ்டூடியோவின் பங்கில் இருந்து அந்த முன்பணம் முழுக்கக் கழிய வேண்டும். கழிந்து தீர்ந்த பிறகுதான் ராயல்டி என்ற பேச்சே எழும். அதற்குள் ஆறு மாதமோ ஒரு வருடமோ ஓடிவிடும், சம்பள நாளோ மாதாமாதம் வந்து நிற்கும். அடுத்த ஒப்பந்தம் கையில் இல்லாத ஸ்டூடியோ, விமர்சகர்கள் பாராட்டிக்கொண்டிருக்கும்போதே இழுத்து மூடப்படும்.

அந்தக் காலத்தில் லாரியன் எதை வைத்துப் பிழைத்தது தெரியுமா? பெல்ஜியத்தின் கேட்நெட் என்ற குழந்தைகள் தொலைக்காட்சிக்குச் சிறுவர் கேம் செய்து கொடுத்து. டிராகன், மந்திரவாதி, பெரிய கற்பனை உலகம் என்று கனவு கண்ட மனிதர், ஆட்களுக்குச் சம்பளம் போட வேண்டும் என்பதற்காகச் சின்னப் பிள்ளைகளுக்கு கேம் செய்தார். அதையும் சிரத்தையாகச் செய்தார். இந்த ஆளை நான் மதிக்கத் தொடங்கியதே இதைப் படித்த பிறகுதான். கவசம் போட்ட போட்டோ பிறகு வந்தது.

2009-இல் வந்த 'டிவினிட்டி 2' இன்னும் வேலை பாக்கி இருக்கும்போதே கடைக்குப் போக வேண்டியதாயிற்று. இனிமேல் நம் கேமை நாமே வெளியிடுவோம் என்று அவர் முடிவெடுத்தது அதற்குப் பிறகுதான். மாறி மாறிக் காய் நகர்த்துவது போலச் சண்டை நடக்கும் டர்ன்-பேஸ்டு ஆர்.பி.ஜி. (ஒரு பாத்திரமாகவே கதைக்குள் வாழ்ந்து ஆடும் கேம்) இனி விற்காது என்று பலரும் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. அவர் அதைத்தான் எடுத்தார். 2013-இல் கிக்ஸ்டார்ட்டரில் மக்களிடம் நேரடியாகக் கேட்டு 9 லட்சத்து 44 ஆயிரம் டாலர் திரட்டினார். அதுவும் போதவில்லை. கேம் இன்னும் பக்குவப்பட வேண்டும் என்று தேதியைத் தள்ளத் தள்ள ஸ்டூடியோ திவாலாகும் விளிம்புவரை போனது. 2014 ஜூன் மாதக் கடைசியில் 'டிவினிட்டி: ஒரிஜினல் சின்' வந்தது. லாரியன் அதுவரை பார்த்திராத வேகத்தில் விற்றது.

பால்டர்ஸ் கேட் உரிமைக்காக லாரியன் முதலில் போய்க் கேட்டபோது, உங்களுக்கு இன்னும் அனுபவம் பத்தாது என்று அந்த உரிமையை வைத்திருந்த விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் திருப்பி அனுப்பியது. அடுத்த கேமின் வேலைகளைப் பார்த்த பிறகு அதே நிறுவனம் தானாகக் கூப்பிட்டுக் கொடுத்தது. பால்டர்ஸ் கேட் 3-இன் முதல் பகுதியை 2020 அக்டோபரில் எர்லி ஆக்சஸில், அதாவது கேம் முடியும் முன்பே ஆட விற்கும் முறையில், வெளியிட்டார்கள். ஆடினவர்கள் சொன்ன குறைகளைக் கேட்டுக் கேட்டுத் திருத்தி, கிட்டத்தட்ட மூன்று வருடம் கழித்து 2023 ஆகஸ்டில்தான் முழு கேமும் வந்தது.

நான் சொல்ல வருவது இதுதான். அந்த மூன்று வருடக் காத்திருப்பை அவருக்கு வாங்கிக் கொடுத்தது, ஸ்டூடியோ அவர் கையில் இருந்ததுதான். பங்குச் சந்தையில் இல்லை, தலைமையகத்தில் இருந்து கெடு அனுப்ப யாரும் இல்லை. கேமின் இயக்குநரும் அவரே, சம்பளக் காசோலைக்குப் பொறுப்பாளியும் அவரே. இன்னும் ஆறு மாதம் வேண்டும் என்று ஒருவர் சொல்லும்போது அந்த ஆறு மாதத்தின் செலவும் அவர் தலையிலேயே விழுகிறது. அந்தப் பயத்தோடு எடுக்கிற முடிவில்தான் தரம் பிறக்கிறது என்று நம்புகிறேன். லாரியனில் ஓவர்டைம் இல்லாமல் இல்லை. அதை அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார், அவரைச் சாமியாக்க வேண்டியதில்லை.

சரி, நம்ம ஊருக்கு வருவோம்.

லாரியனுக்குக் கோலாலம்பூரில் கிளை இருக்கிறது. சோனியின் பிளேஸ்டேஷன் ஸ்டூடியோவும் இங்கே இருக்கிறது. லெமன் ஸ்கை, ஸ்ட்ரீம்லைன் போன்றவை பல வருடமாக உலகத்தின் பெரிய பெரிய கேம்களுக்கு இங்கிருந்து வேலை செய்து கொடுத்திருக்கின்றன. நம் பிள்ளைகளின் கைத்திறனைப் பற்றி எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் இல்லை. ஆனால் நாம் செய்வதில் பெரும்பங்கு இன்னொருவர் கேமின் ஒரு துண்டு.

நானே இந்த வேலையில் ஒரு ஆர்ட் குழுவைப் பார்த்துக்கொள்கிறவள். ஒரு மரப்பெட்டி வரும். கேமில் ஆடுபவர் அதைத் திறந்து இரண்டு நாணயம் எடுத்துக்கொண்டு போய்விடுவார், அவ்வளவுதான் அதன் ஆயுள். அதன் கீலில் துரு எவ்வளவு ஏற வேண்டும், விளிம்பில் மரம் எங்கே தேய்ந்திருக்க வேண்டும், பூட்டின் மேல் விழும் வெளிச்சம் ஏன் பிளாஸ்டிக் மாதிரி தெரிகிறது என்று வேலை கொடுத்த வெளிநாட்டு ஸ்டூடியோவில் இருந்து படத்தின் மேலேயே சிவப்புக் கோடு போட்டு அனுப்புவார்கள். நாங்கள் திருத்தி அனுப்புவோம். திரும்ப வரும். புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் ஒருநாள் கேட்டாள், "அக்கா, இந்தப் பெட்டி கதையில எங்க வருது? யாரோட பெட்டி?" எனக்கும் தெரியாது. ரகசிய ஒப்பந்தம். தெரிந்தால் துருவைக்கூட வேறு மாதிரி வைத்திருப்பாள், அவ்வளவு கெட்டிக்காரி. முன்பு நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், கேம் வெளிவந்த பிறகு கடைசியில் ஓடும் பெயர்ப் பட்டியலில் எங்கள் ஸ்டூடியோவின் பெயர் மட்டும் ஒரு வரி வந்தது. வேலை செய்த யார் பெயரும் இல்லை. அன்று எங்கள் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அவுட்சோர்ஸ் வேலையை நான் குறைத்துப் பேசவில்லை. அது சோறு போடுகிறது, ஒழுங்கைக் கற்றுக்கொடுக்கிறது, உலகத் தரம் என்றால் என்னவென்று கண்ணுக்குக் காட்டுகிறது. லாரியனே குழந்தைகள் கேம் செய்துதானே பிழைத்தது. என் கவலை வேறு. பெட்டியைச் செய்யப் பத்து வருடம் பழகியவருக்கு, அந்தப் பெட்டி கேமில் வேண்டுமா வேண்டாமா என்று முடிவெடுக்க ஒருநாள்கூட வாய்ப்புக் கிடைப்பதில்லை. இயக்குநர் என்பவர் அந்த முடிவை ஆயிரம் தடவை எடுத்து, நூறு தடவை தப்பாக எடுத்து உருவாகிறவர். அந்தத் தப்பைச் செய்ய இங்கே இடமே இல்லை.

இடத்தை உண்டாக்கியவர்களும் இருக்கிறார்கள். பேஷன் ரிபப்ளிக் வெளிநாட்டு கேம்களுக்குப் பல வருடம் ஆர்ட் செய்து கொடுத்துவிட்டு, 2022-இல் 'கிகாபேஷ்' என்று ராட்சத மிருகங்கள் மோதும் சொந்த கேமைக் கொண்டுவந்தது. காட்ஸில்லாவே பிறகு அதற்குள் வந்து சேர்ந்தது. வான் ஹஸ்மர் ஜப்பானில் ஸ்கொயர் எனிக்ஸில் 'ஃபைனல் ஃபேன்டஸி 15' குழுவில் வேலை பார்த்தவர். திரும்பி வந்து தன் உறவினரோடு சேர்ந்து கோலாலம்பூரில் மெட்ரோனாமிக்கைத் தொடங்கி, 2020-இல் 'நோ ஸ்ட்ரெயிட் ரோட்ஸ்' வெளியிட்டார். இசையை வைத்தே சண்டை போடும் கேம். அங்கேயே இருந்திருந்தால் வசதியாக இருந்திருப்பார். அவர் வந்ததால், இங்கே சில பேர் ஒரு கேம் முதல் கோட்டில் இருந்து கடை வரைக்கும் எப்படிப் போகிறது என்று பக்கத்தில் இருந்து பார்த்தார்கள். அதற்கு நான் பெரிய மதிப்புக் கொடுக்கிறேன்.

2024 மார்ச்சில் சான் ஃபிரான்சிஸ்கோவில் விருது வாங்கும்போது வின்கே கோபமாகவே பேசினார். காலாண்டு லாபத்துக்காக ஆட்களை அனுப்புகிறீர்கள், அடுத்த வருடம் ஆள் இல்லை என்று தேடுகிறீர்கள், இந்தப் பேராசை போதும் என்கிற அர்த்தத்தில். அதற்குச் சில மாதம் முன்புதான் விசார்ட்ஸின் தாய் நிறுவனமான ஹாஸ்ப்ரோ 1,100 பேரை வேலையை விட்டு எடுப்பதாக அறிவித்தது. பால்டர்ஸ் கேட் 3-க்காக முதலில் தன்னோடு உட்கார்ந்து பேசியவர்களில் கிட்டத்தட்ட யாருமே அங்கே மிச்சமில்லை என்று அவர் வருத்தப்பட்டார். ஊருக்கே விருந்து வைத்த சமையல்காரரை மறுநாள் காலையில் வேலையை விட்டு அனுப்புவது போன்ற காரியம். அங்கே வெட்டு விழுந்தால் இங்கே ஒப்பந்தம் நிற்கும். நல்ல சீனியர்கள் சிங்கப்பூருக்கோ கனடாவுக்கோ கிளம்பிவிடுவார்கள். அவர்களோடு போவது அவர்கள் தலைக்குள் இருக்கும் பத்து வருடப் பாடமும்தான்.

அதனால் மலேசிய அரசின் டிஜிட்டல் பொருளாதார நிறுவனமான எம்.டி.இ.சி. போன்ற அமைப்புகள் உதவித்தொகை கொடுக்கும்போது, ஒரு கேமின் முன்மாதிரிக்கு மட்டும் கொடுத்து நிறுத்தாமல், ஒரே குழு இரண்டாவது கேம் வரைக்கும் சேர்ந்திருக்கக் கொடுக்க வேண்டும் என்பது என் ஆசை. முதல் கேம் சுமாராக ஓடின குழுவுக்குத்தான் இரண்டாவது வாய்ப்பு அவசியம். வின்கேவின் பட்டியலில் சுமாராகப் போனவை எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்.

அப்புறம் நம் பெற்றோர்களுக்கு. எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவத் தேர்வு) முடித்த பிள்ளை கேம் படிக்கப் போகிறேன் என்றால், "விளையாடினா சோறு வருமா?" என்று கேட்டு விட்டுவிடாதீர்கள். வரும், பலருக்கு வந்துகொண்டிருக்கிறது. வரைகிற பிள்ளையை மட்டும்தான் இந்தத் துறைக்கு அனுப்ப வேண்டும் என்றும் இல்லை. கணக்குப் பார்க்கிற பிள்ளை, ஒப்பந்தத்தைப் படித்து அர்த்தம் சொல்கிற பிள்ளை, பத்துப் பேரைச் சண்டை போடாமல் வைத்துக்கொள்கிற பிள்ளை, இவர்களுக்குத்தான் இங்கே பஞ்சம். வேலைக்குச் சேரும் தம்பி தங்கைகள், நேர்முகத்தில் சம்பளத்தோடு சேர்த்து, பெயர்ப் பட்டியலில் என் பெயர் வருமா, இந்த ஸ்டூடியோவுக்குச் சொந்த கேம் ஏதாவது கையில் இருக்கிறதா என்றும் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

மற்றவர்கள் உள்ளூர் கேம் ஒன்றையாவது வாங்கி ஆடுங்கள். பிடித்தால் சொல்லுங்கள். பிடிக்கவில்லை என்றால் எங்கே அலுத்துப்போனது, எந்த இடத்தில் மூடி வைத்தீர்கள் என்று கேம் விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் விவரமாக எழுதுங்கள். அதை உட்கார்ந்து படித்துத் திருத்துகிறவர்கள் இதே ஊரில்தான் இருக்கிறார்கள்.