குழந்தையின் கஞ்சி வெளிச் சாப்பாடு இல்லை

இந்த விஷயத்தில் வாயைத் திறக்கக் கூடாது என்று இரண்டு நாளாக இருந்தேன். டெல்லி விடுதியின் சாப்பாட்டு அறையில் தன் பதினெட்டு மாதக் குழந்தைக்குக் கஞ்சி கரைக்க வெந்நீர் கேட்டதற்கு, வெளிச் சாப்பாடு கூடாது என்று எழுப்பி அனுப்பிவிட்டார்கள் என்று பாலக்கோட்டுப் பெண் ஒருவர் பதிவு போட்டிருந்தார். அந்தப் பதிவையே அவர் நேற்று ராத்திரி நீக்கிவிட்டார் என்று தெரிந்த பிறகு முடியவில்லை. அதற்குக் கீழே எழுதியவர்கள் யார்? தர்மபுரி, காவேரிப்பட்டணம், ஊத்தங்கரை என்று எல்லாம் நம் ஊர்க்காரர்கள்தான். ராகிக் களி தின்று வளர்ந்தவர்கள்தான் "ஒரு வேளை பிஸ்கட் கொடுத்தா குழந்தை இளைச்சிடுமா?" என்று கேட்டிருக்கிறார்கள். "ஃபிளைட்ல போக காசு இருக்கு, ஓட்டல்ல வாங்கித் தர காசு இல்லையா?" என்று ஒருவர். "வெளிச் சாப்பாடு கூடாதுன்னு போர்டு இருக்கில்ல" என்று இன்னொருவர்.

குழந்தையின் கஞ்சி வெளிச் சாப்பாடு இல்லை. இதை எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதுவேன். நான்கு பெரியவர்கள் பிரியாணிப் பொட்டலத்தைக் கொண்டுபோய் விடுதி மேசையில் பிரித்தால் அது வெளிச் சாப்பாடு. பதினெட்டு மாதக் குழந்தைக்கு அம்மா டப்பாவில் கொண்டுபோன பொடியும் அதைக் கரைக்கக் கேட்ட வெந்நீரும் எப்படி அந்தக் கணக்கில் வரும்? அந்த மெனு அட்டையில் மிளகாய் இல்லாத ஒரு பண்டமாவது இருந்ததா?

அவருடைய அன்றைய நாளைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். விடிகாலை நாலு மணிக்கு வண்டி ஏறி, ராயக்கோட்டை, ஓசூர் வழியாகப் பெங்களூருக்குள் புகுந்து, ஹெப்பால் நெரிசலைத் தாண்டி தேவனஹள்ளி விமான நிலையம் போய்ச் சேர நாலு மணி நேரம் வைத்துக்கொள்ள வேண்டும். அங்கே இரண்டரை மணி நேரக் காத்திருப்பு. டெல்லிக்கு ஏறக்குறைய இரண்டே முக்கால் மணி நேரம். இறங்கிப் பெட்டி எடுத்து டாக்சி பிடித்து விடுதிக்குப் போகும்போது மணி மூன்று. பதினோரு மணி நேரம். ஒன்பது மாதத்திலிருந்து இரண்டு வயது வரை தாய்ப்பாலோடு ஒரு நாளைக்கு மூன்று நான்கு வேளை உணவும் இடையில் ஒன்றிரண்டு முறை சிறுதீனியும் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழந்தையின் வயிறு உடல் எடையில் கிலோவுக்கு 30 கிராம் அளவுதான் கொள்ளும். பத்து கிலோ குழந்தைக்கு 300 கிராம். காலையிலேயே வயிறு முட்ட ஊட்டி அனுப்பிவிடலாம் என்பவர்கள் இந்த ஒரு எண்ணை மட்டும் யோசியுங்கள்.

பிஸ்கட் கொடுத்தால் என்ன ஆகும் என்றும் சொல்கிறேன். மைதாவும் சர்க்கரையும் அந்தச் சின்ன வயிற்றை அடைத்துக்கொள்ளும், அடுத்த வேளைச் சோற்றைக் குழந்தை தொடாது. விமானத்துக்குள் காற்றின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்கும் கீழே போகும். உலர்ந்த காற்று, உலர்ந்த தின்பண்டம், குறைவான தண்ணீர் மூன்றும் சேர்ந்தால் மறுநாள் மலம் கட்டிக்கொண்டு குழந்தை முக்கி அழும். அப்போது பக்கத்தில் நிற்கப்போவது அம்மாதான், கருத்து சொன்னவர்கள் இல்லை.

அந்தப் பெண் செய்தது அத்தனையும் சரி. காலை எட்டு மணிக்கு விமான நிலையத்தில் பிளாஸ்கில் இருந்த ராகிக் கஞ்சி, விமானத்தில் வாழைப்பழம், அதன் பிறகு அவல் பொடிக் கஞ்சி. ஓடும் வண்டியில் ஊட்டாமல் இறங்கி உட்கார்ந்து ஊட்டியிருக்கிறார், அதனால் வாந்தி இல்லை. பலர் தப்பு செய்யும் இடத்தையும் கவனித்திருக்கிறார். பச்சை ராகி மாவை வெந்நீரில் கரைத்தால் கட்டி தட்டும், வேகாது, வயிறு உப்பும். அதை வீட்டிலேயே நன்றாகக் கொதிக்கக் காய்ச்ச வேண்டும். பிளாஸ்கில் முதலில் கொதிநீரை ஊற்றிப் பத்து நிமிடம் வைத்துக் கொட்டிவிட்டு, கொதிக்கும் கஞ்சியை விளிம்பு வரை ஊற்றி மூட வேண்டும். பாதி பிளாஸ்க் சீக்கிரம் ஆறிவிடும். 60 டிகிரிக்குக் கீழே இறங்கிவிட்டால் கிருமி பெருக ஆரம்பிக்கும். வெதுவெதுப்பான பாலைப் பிளாஸ்கில் மணிக்கணக்கில் வைக்கவே கூடாது என்பதும் இதனால்தான். ராகி ஆறினால் கெட்டியாக உறைந்துபோகும். முளைகட்டிய ராகி மாவு என்றால் தண்ணீராகவே நிற்கும், ஏனென்றால் முளைவிடும்போது உண்டாகும் நொதி மாவுச்சத்தை உடைத்துவிடுகிறது. எட்டு மணி நேரம் ஊறவைத்து, துணியில் கட்டி ஒரு நாள் விட்டு, நிழலில் உலர்த்தி, லேசாக வறுத்து அரைத்தால் போதும். நம் பாட்டிமார்களுக்கு நொதியின் பெயர் தெரியாது, செய்முறை தெரியும்.

அவல் ஏற்கெனவே வெந்து இடிபட்ட பண்டம். மூன்று பங்கு அவல், ஒரு பங்கு பொட்டுக்கடலை, வெறும் வாணலியில் வறுத்து நைசாக அரைத்துச் சலித்துக்கொள்ள வேண்டும். ஒரு வேளைக்கு மூன்று ஸ்பூன் வீதம் தனித்தனிச் சின்ன டப்பாக்களில் போட்டுவிட்டால் குலுங்கும் விமானத்தில் அளந்துகொண்டிருக்க வேண்டாம். 100 மில்லி கொதிநீர், ஐந்து நிமிடம் மூடி வைத்து, அரை ஸ்பூன் நெய். வெந்நீருக்கு விமானத் தொட்டித் தண்ணீரை நம்பாமல் பிளாஸ்கில் நாமே கொண்டுபோவது நல்லது. மேலே ஏறிய பிறகு உறிஞ்சு குழாய் வைத்த டம்ளரைச் சட்டென்று திறக்காதீர்கள். உள்ளே இருக்கும் காற்று விரிந்து தண்ணீர் பீய்ச்சும், சூடாக இருந்தால் கை வெந்துவிடும். இறங்குவதற்கு அரை மணி நேரம் முன்பே விமானம் தாழ ஆரம்பிக்கும். காது அடைப்பது அப்போதுதான். அந்த நேரத்தில் தாய்ப்பாலோ தண்ணீரோ எதையாவது விழுங்கிக்கொண்டே இருந்தால் வலி குறையும். பாதுகாப்புச் சோதனையிலும் பயப்பட வேண்டாம். வெளிநாட்டுப் பயணத்தில்கூட, 100 மில்லி கட்டுப்பாட்டிலிருந்து பயணத்துக்குத் தேவையான அளவு குழந்தை உணவுக்கு விலக்கு உண்டு. பையிலிருந்து தனியே எடுத்து ட்ரேயில் வைத்து, குழந்தைக்கானது என்று சொல்லிவிடுங்கள்.

இத்தனையும் சரியாகச் செய்தவரைத்தான் விடுதிச் சாப்பாட்டு அறையில் எழுப்பி அனுப்பினார்கள். மணி மூன்று. சமையலறை மூடியாயிற்று, இனி இரவு ஏழரைக்குத்தான். "ரூம்ல கெட்டில் இருக்குமே" என்று கேட்பவர்களுக்கு: அறை இன்னும் தயாராகவில்லை என்று கீழே உட்காரவைத்ததே விடுதிக்காரர்கள்தான். அதையும் அவர் எழுதியிருந்தார், யாரும் படிக்கவில்லை.

சட்டம் பேசுகிறவர்களுக்கு ஒன்று. திரையரங்குக்குள் வெளி உணவைத் தடுக்க உரிமையாளருக்கு உரிமை உண்டு என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. குழந்தையோடு வருகிறவர்கள் அதற்காகக் கொண்டுவரும் நியாயமான அளவு உணவை உரிமையாளர்கள் ஆட்சேபிப்பதில்லை என்பதும் அதே வழக்கில் பதிவானது. குடிதண்ணீர் இலவசமாகத் தர வேண்டும் என்றும் இருக்கிறது. விடுதி திரையரங்கு இல்லைதான். ஆனால் மூன்று மணி நேரம் படம் பார்க்கிற இடத்திலேயே குழந்தைக்குத் தருகிற இடத்தை, மூன்று நாள் தங்குகிற இடத்தில் தரக் கூடாதா?

வெளியிலிருந்து வந்ததைத் தின்று வயிறு கெட்டால் பழி விடுதிக்கு வரும் என்ற பயம் நியாயம்தான், அதை ஒப்புக்கொள்கிறேன். டப்பாவில் விற்கும் குழந்தை உணவும் அவசரத்துக்கு உதவும், சேர்த்த சர்க்கரை எவ்வளவு என்று அட்டையைப் படித்துவிட்டு வாங்குங்கள். ஆனால் "எங்க காலத்துல இப்படியா வளர்த்தோம்" என்கிறவர்களை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. உங்கள் காலத்தில் குழந்தையோடு பயணம் என்றால் கூடவே ஒரு மாமியாரோ சித்தியோ வருவார்கள். ரயிலில் ஒருவர் மடியில் குழந்தை இருக்கும், இன்னொருவர் தூக்குவாளியைத் திறப்பார். இவர் தனியாகப் போனார். வேலைக்குப் போன இடத்தில் கணவர் பத்து நாளாகக் காய்ச்சலில் கிடக்கிறார் என்றுதான் போனார். ஒரு கையில் குழந்தை, ஒரு கையில் பை, தெரியாத மொழி. அந்தப் பையில் இருந்த பிளாஸ்கையும் டப்பாக்களையும் தயார்செய்ய முந்தின ராத்திரி அவர் தூங்கியிருக்கவே மாட்டார். அதைப் பார்த்து "ஓவரா பண்றாங்க" என்று எழுத எப்படி மனசு வந்தது?

ஒரு விடுதி என்ன செய்திருக்க முடியும்? எல்லாச் சமையலறையிலும் தாளிப்பதற்கு முன் எடுத்துவைத்த வெந்த பருப்பு ஒரு பாத்திரத்தில் இருக்கும். அதில் ஒரு கரண்டி, வெறும் சாதம் ஒரு கரண்டி, மசிக்க ஒரு ஸ்பூன் வெந்நீர். காரம் வேண்டாம் என்று மட்டும் சொன்னால் பச்சை மிளகாயை விட்டுவிடுவார்கள், மசாலாவில் ஏற்கெனவே மிளகாய்த் தூள் இருக்கும். அதனால் தாளிக்காத பருப்பு என்று குறிப்பாகக் கேட்க வேண்டும்.

தங்கச்சி, இதை நீ படிப்பாய் என்று நினைத்து எழுதுகிறேன். அறைக் கெட்டிலில் முதல் முறை கொதித்த தண்ணீரைக் கொட்டிவிடு, இரண்டாவது முறை கொதித்ததை எடு. அதில் பாலைக் காய்ச்சாதே, பொங்கி அடிப்பிடிக்கும். சில விடுதிகளில் அறைச் சுவரில் செருகிய கதவு அட்டையை உருவினால் மின்சாரம் போய்க் குளிர்பெட்டியும் நின்றுவிடும், அதனால் பாலையோ தயிரையோ அதில் விட்டுவிட்டு வெளியே போகாதே. காலையில் சட்னி வேண்டாம், ஆவி பறக்கிற இட்லியும் வேகவைத்த முட்டையும் போதும். வெட்டி வைத்த பழம் வேண்டாம், உரிக்கிற பழம் கொடு. வயிற்றுப்போக்கு வந்தால் உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தை அதில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுசாகக் கரைத்து, ஒவ்வொரு முறை போன பிறகும் 50 முதல் 100 மில்லி வரை ஸ்பூன் ஸ்பூனாகக் கொடு. திரும்பி வருகிற அன்று அவல் பொடி மூன்று டப்பா போதாது, ஐந்தாகப் போட்டுக்கொள். விமானம் தாமதமானால் கைகொடுக்கும்.