கேட்ட கேள்வி வேறு, போட்ட ஆர்டர் வேறு

கண்மாய்க் கரை வீடுகளை இடிப்பது பற்றிய வழக்கில் "ஏழைகள் மீது நீதிமன்றம் ஆவேசம்" என்று டிவியில் போட்ட நியூஸ் கார்டை நேற்று மத்தியானத்திலிருந்து எனக்கு அனுப்பாதவர்கள் இல்லை. "உங்க கோர்ட்டு லட்சணத்தைப் பாருங்க வக்கீல் சார்" என்று ஒருவர். "நீதி செத்துப்போச்சு" என்று இன்னொருவர். பத்தாவது வரை என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவன், நீதிபதியின் சாதியைத் தேடி எடுத்து குரூப்பில் போட்டு, அதற்குக் கீழே என்னை டேக் செய்திருக்கிறான். ராத்திரி பதினோரு மணி வரை பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை, எழுதிவிடுகிறேன்.

ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். ஆர்டரை யாராவது படித்தீர்களா?

கார்டில் இருந்தது நீதிபதி கேட்ட ஒரு கேள்வி. கண்மாய்க்குள்ளே வீட்டைக் கட்டிக்கொண்டு, இடிக்க வருகிறார்கள் என்று எங்களிடம் வந்து நின்றால் எப்படி என்கிற கேள்வி. கேட்டார், இல்லையென்று சொல்லவில்லை. கோபமாகவேதான் கேட்டார். என் வழக்கின் முறைக்காக அதே ஹாலில் பின்வரிசையில் நின்றுகொண்டிருந்தேன், என் காதால் கேட்டேன். ஆனால் அதோடு விசாரணை முடிந்துவிடவில்லை. அடுத்து அதே நீதிபதி அரசு வக்கீல் பக்கம் திரும்பி, நோட்டீஸ் என்றைக்குக் கொடுத்தீர்கள், யார் கையில் கொடுத்தீர்கள், அளந்த ஸ்கெட்ச் எங்கே என்று வரிசையாகக் கேட்டார். அவர் ஃபைலைப் புரட்டினார். தாலுகா ஆபீசிலிருந்து வந்திருந்தவரைத் திரும்பிப் பார்த்தார். பதில் வரவில்லை. கடைசியில் ஸ்டெனோவிடம் டிக்டேட் செய்த ஆர்டர் இவ்வளவுதான்: அரசுத் தரப்பு நான்கு வாரத்தில் கவுன்டர், அதாவது பதில் மனு, தாக்கல் செய்ய வேண்டும், அதுவரை வீடுகள் இப்போது உள்ள நிலையிலேயே இருக்க வேண்டும்.

அதாவது, இடிக்கக் கூடாது. அந்த ஜனங்களுக்குக் கிடைத்த பாதுகாப்பு அது. "ஏழைகள் மீது நீதிமன்றம் ஆவேசம்" என்று நீங்கள் ஷேர் செய்துகொண்டிருந்த அதே சாயங்காலம், ஏழைகளின் வீட்டுக்கு மேல் கூரையை நிற்கவைத்த ஆர்டர் கோர்ட் வெப்சைட்டில் ஏறிவிட்டது. அதைத் திறந்து பார்க்க ஒருவருக்கும் நேரமில்லை.

நீதிபதி ஏன் கேள்வி கேட்கிறார் என்று தெரிந்துகொள்ளுங்கள். அரசு அதிகாரிகளின் நடவடிக்கையை எதிர்த்து உயர்நீதிமன்றத்தில் போடுகிற ரிட் மனு என்றால் சாட்சிக் கூண்டு கிடையாது, குறுக்கு விசாரணை கிடையாது. அஃபிடவிட் என்கிற பிரமாணப் பத்திரம், அதோடு கோத்திருக்கும் காகிதங்கள், இரண்டு பக்க வக்கீல்களின் வாய், இவைதான். எனவே சந்தேகத்தை நீதிபதி வாய்விட்டுத்தான் கேட்டாக வேண்டும். நான் ஜூனியராகச் சேர்ந்த புதிதில் ஒரு நாள் எங்கள் சீனியரை அமர்வு முக்கால் மணி நேரம் வறுத்தெடுத்தது. வெளியே வந்ததும் நான் அழாத குறை. அவர் கவுனைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, "நம்ம கேஸ் அலவ் ஆகப் போகுதுப்பா" என்றார். ஆனது, ஜெயித்தோம். நமக்குச் சாதகமாக எழுத நினைக்கிற நீதிபதி, எதிர்த்தரப்பு நாளைக்கு அப்பீலில் என்ன கேட்கும் என்பதை இன்றைக்கே நம்மிடம் கேட்டுப் பார்ப்பார். பதில் கிடைத்தால்தான் தீர்ப்பில் அந்தப் பத்தியை எழுத முடியும். எல்லாக் கேள்வியும் அப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. கேள்வியை வைத்து முடிவைச் சொல்லாதீர்கள் என்கிறேன்.

இன்னொன்று. நீதிபதி அங்கே முடிவு செய்கிற கேள்வி நாம் முகநூலில் சண்டை போடுகிற கேள்வி இல்லை. நாம் ஏழையா கண்மாயா என்று கத்துகிறோம். அங்கே கேள்வி சின்னது. வருவாய்ப் பதிவேட்டில் அந்த இடம் நீர்நிலைப் புறம்போக்கா? அளந்தார்களா? ஆக்கிரமிப்பை அகற்றுவதற்கென்று 2007-ல் வந்த ஏரிகள் பாதுகாப்புச் சட்டப்படி நடந்தார்களா? குடியிருக்கிறவர்களுக்குப் பதில் சொல்ல வாய்ப்பு கொடுத்தார்களா? ரிட் மனுவுக்கு வழி சொல்கிற அரசியலமைப்பின் 226-வது பிரிவில் வருகிற பெரும்பாலான வழக்குகளில் நீதிமன்றம் பார்ப்பது, அதிகாரி அந்த முடிவுக்கு எப்படி வந்தார், ஒழுங்கான வழியில் வந்தாரா என்பதைத்தான். அந்த அதிகாரியின் நாற்காலியில் நீதிபதி ஏறி உட்கார முடியாது. நீதிபதியின் கையைக் கட்டும் கயிறுகளும் உண்டு. உச்ச நீதிமன்றம் ஒரு விஷயத்தில் தீர்ப்புச் சொல்லியிருந்தால் 141-வது பிரிவின்படி அதை மீற முடியாது. இரண்டு நீதிபதிகள் அமர்வு முன்பு சொன்னதைத் தனி நீதிபதி தாண்ட முடியாது. இணையான இன்னொரு அமர்வுக்கு அதில் உடன்பாடு இல்லையென்றாலும் தன்னிஷ்டத்துக்கு மாற்ற முடியாது, பெரிய அமர்வுக்கு அனுப்பச் சொல்லித் தலைமை நீதிபதியிடம்தான் போக வேண்டும். எந்த நீதிபதி எந்த வகை வழக்கைக் கேட்பது என்கிற ரோஸ்டரும் தலைமை நீதிபதி கையில்தான். நமக்குப் பிடித்த நீதிபதியை நாம் தேர்ந்தெடுக்க முடியாது, தனக்குப் பிடித்த வழக்கை அவரும் எடுத்துக்கொள்ள முடியாது.

"அப்ப வாயில வந்ததெல்லாம் பேசலாமா?" என்று கமென்டில் வருவீர்கள், தெரியும். 2021-ஐ நினைத்துப் பாருங்கள். கரூர் தொகுதி வாக்கு எண்ணிக்கை பற்றிய வழக்கு. ஏப்ரல் 26 அன்று, சென்னை உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்த சஞ்ஜிப் பானர்ஜி, கொரோனா இரண்டாம் அலைக்குத் தேர்தல் ஆணையமே பொறுப்பு, அதன் மீது கொலை வழக்கே போடலாம் என்கிற ரீதியில் பேசினார். நாடு முழுக்கத் தலைப்புச் செய்தி. அன்று இதே நண்பர்கள் கைதட்டினீர்கள், தீர்ப்பே வந்துவிட்டது போலக் கொண்டாடினீர்கள். ஆனால் எழுத்தில் வந்த உத்தரவில் அந்த வார்த்தை இல்லை. தேர்தல் ஆணையம் உச்ச நீதிமன்றம் போனது. மே 6-ம் தேதி நீதிபதிகள் சந்திரசூட், எம்.ஆர். ஷா அமர்வு, அது கடுமையான, பொருத்தமில்லாத பேச்சு என்று சொல்லிவிட்டு, ஆவணத்திலேயே இல்லாததை எங்கிருந்து நீக்குவது என்று முடித்துவிட்டது. வாய்ப்பேச்சை ஊடகங்கள் வெளியிடுவதைத் தடுக்கவும் மறுத்துவிட்டது. அந்தத் தீர்ப்பு எனக்குப் பிடித்த தீர்ப்பு. வெளியிடட்டும், விமர்சனம் செய்யட்டும், வாயை அளந்து பேசச் சொல்லி நீதிபதிகளுக்கும் புத்தி சொல்லட்டும். நேற்றைய கேள்வியையும் கண்மாய் வழக்கு நீதிபதி அந்தத் தொனியில் கேட்டிருக்க வேண்டியதில்லை, அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் அது ஆர்டர் இல்லை. கேள்வி ஆர்டர் இல்லை. எத்தனை தடவை சொல்வது?

"எல்லாம் முன்னாடியே முடிவு பண்ணி வச்சதுதான்" என்று அந்தப் பத்தாம் வகுப்பு பெஞ்ச் நண்பன் எழுதியிருக்கிறான். 18 எம்.எல்.ஏ.க்கள் தகுதி நீக்க வழக்கு நினைவிருக்கிறதா? 2018 ஜூன் 14. அன்றைய தலைமை நீதிபதி இந்திரா பானர்ஜி, அவர்களை நீக்கிய சபாநாயகர் உத்தரவு செல்லும் என்றார், பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த நீதிபதி எம். சுந்தர் செல்லாது என்றார். ஒரே காகிதம், ஒரே வாதம், ஒரே மேடை. ஆட்சியே அதில் தொங்கிக்கொண்டிருந்தது. மூன்றாவது நீதிபதி சத்தியநாராயணன் அக்டோபர் 25-ல் செல்லும் என்று சொன்ன பிறகுதான் முடிந்தது. அந்த முடிவு சரியா தப்பா என்று இன்றைக்கும் நான் சண்டை போடத் தயார். ஆனால் இரண்டு பேரும் தங்கள் காரணத்தைப் பக்கம் பக்கமாக எழுதி, கையெழுத்துப் போட்டு, உலகத்துக்கு முன்னால் வைத்தார்கள். சண்டை போடுவதற்கு நம் கையில் காகிதம் இருக்கிறது. "அப்ப யார் பெஞ்சுல விழுதுங்கிறதுதானே அதிர்ஷ்டம்" என்பாய். சில நேரம் அப்படித்தான், மறுக்க மாட்டேன். அதற்கும் நீ ஆர்டரைப் படித்துவிட்டு வா.

இவ்வளவு ஆத்திரம் ஏன் என்று கேட்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இதுவரை இங்கே எழுதியதில்லை.

எங்கள் அப்பா ஒரு அரசு அலுவலகத்தில் நைட் வாட்ச்மேன். நிரந்தரம் ஆவதற்கு முன் 11 வருஷம் தற்காலிகமாக இருந்தார். அதில் பாதியைப் பென்ஷனுக்குச் சேர்க்க வேண்டும் என்று மதுரைக் கிளையில் ரிட் போட்டார். 2009-ல் ஆர்டர் வந்தது. நான் அப்போது சட்டக் கல்லூரியில் இரண்டாம் வருஷம். வக்கீல் ஆபீசிலிருந்து ஆர்டர் காப்பியை வாங்கிவந்து, பஸ்ஸிலேயே படித்தேன். இரண்டே பக்கம். மனுதாரர் கோரிக்கையைத் தகுதி அடிப்படையிலும் சட்டப்படியும் பரிசீலித்து 12 வாரத்தில் உரிய உத்தரவு பிறப்பிக்குமாறு எதிர்மனுதாரருக்கு உத்தரவிடப்படுகிறது என்று இருந்தது. "உத்தரவிடப்படுகிறது" என்கிற இடம் மட்டும்தான் என் கண்ணில் பட்டது. வீட்டுக்குள் நுழையும்போதே, "ஜெயிச்சிட்டோம்ப்பா" என்று கத்தினேன். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு போய் அரைக்கிலோ மைசூர்பாகு வாங்கிவந்து தெரு முழுக்கக் கொடுத்தார்.

அந்த ஆர்டரில் அதற்கு முந்தின வரி ஒன்று இருந்தது. கோரிக்கையின் தகுதி குறித்து இந்த நீதிமன்றம் எந்தக் கருத்தும் தெரிவிக்கவில்லை என்கிற வரி. பரிசீலி என்றால் கொடு என்று அர்த்தமில்லை. நீதிபதி எதையும் தீர்மானிக்கவே இல்லை, பதில் சொல் என்று மட்டும் அந்த அலுவலகத்திடம் சொல்லியிருக்கிறார். அவர்கள் பதினோராவது வாரம் பதில் சொன்னார்கள். நிராகரிக்கப்படுகிறது என்று.

அப்பா அதை நம்பவில்லை. "ஜட்ஜய்யாவே சொல்லியும் குடுக்க மாட்டேங்கிறானுகளே" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். நான் உட்காரவைத்து விளக்கினேன். "அன்னைக்கு நீதானடா ஜெயிச்சிட்டோம்ன?" என்றார். என்னிடம் பதில் இல்லை. நிராகரித்ததை எதிர்த்து இரண்டாவது ரிட் போட்டு, அந்த நிராகரிப்பு ரத்தாகி, பணம் கொடுக்கச் சொல்லி 2016-ல் தீர்ப்பு வந்தது. அப்பா 2014-லேயே போய்விட்டார். கையெழுத்துப் போட்டு வாங்கியது அம்மா. ஒரு ஆர்டரைத் தப்பாகப் படித்துச் சொன்னால் ஒரு மனுஷனுக்கு என்ன ஆகும் என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. இன்றைக்கும் பேப்பரில் "பரிசீலிக்க உயர்நீதிமன்றம் அதிரடி உத்தரவு" என்று பார்க்கும்போதெல்லாம் அந்த மைசூர்பாகுப் பொட்டலம்தான் ஞாபகம் வருகிறது.

"ஆர்டர் இங்கிலீஷ்ல இருக்கு, நாங்க எப்படிப் படிக்கிறது?" என்று ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறது. இந்த ஒரு கேள்விக்குத்தான் என்னால் நிமிர்ந்து பதில் சொல்ல முடியவில்லை. மாவட்ட நீதிமன்றத்தில் தமிழில் சாட்சி, தமிழில் வாதம், தமிழில் தீர்ப்பு. அதே வழக்கு அப்பீலாக ஒத்தக்கடைக்கு, அதாவது உயர்நீதிமன்ற மதுரைக் கிளைக்கு, வந்ததும் ஆங்கிலம். அரசியலமைப்பின் 348-வது பிரிவு உயர்நீதிமன்றத்தில் ஆங்கிலம் என்கிறது. அதே பிரிவில், குடியரசுத் தலைவர் சம்மதத்தோடு மாநில மொழியையும் அனுமதிக்கலாம் என்றும் இருக்கிறது. ராஜஸ்தான், உத்தரப்பிரதேசம், மத்தியப்பிரதேசம், பீகார் நான்கிலும் இந்தி உள்ளே போய்விட்டது. நம் சட்டப்பேரவை 2006 டிசம்பரில் தீர்மானம் போட்டது. இன்னும் கதவு திறக்கவில்லை. தன் வீடு நிற்குமா விழுமா என்று ஒரு மணி நேரம் பேசுகிறார்கள், வீட்டுக்காரர் கைகட்டிப் பின்னால் நிற்கிறார், ஒரு வார்த்தை புரியவில்லை. வெளியே வந்து குமாஸ்தாவிடம், "என்னங்கய்யா சொன்னாங்க?" என்று கேட்கிறார். குமாஸ்தாவுக்கும் நேரமில்லையென்றால் டிவி கார்டுதான் அவருக்குத் தீர்ப்பு. அதற்கு நான் அவரைக் கோபித்துக்கொள்ள முடியுமா? ஆங்கிலம் தெரிந்தவர்கள், ஊடகத்தில் சம்பளம் வாங்குகிறவர்கள், பட்டம் வாங்கின நீங்கள், நான், நம்மைத்தான் கேட்கிறேன். இரண்டு பத்தி ஆர்டரைப் படித்துத் தமிழில் சொல்ல நமக்கு என்ன கேடு?

நேற்று ராத்திரி எங்கள் சின்னம்மா போன் பண்ணியது. அந்தக் கண்மாய்க் கரையில்தான் இருபத்திரண்டு வருஷமாக இருக்கிறது. வீட்டு வரி ரசீது, கரண்ட் பில், ரேஷன் கார்டு எல்லாம் ஒரு ஜவுளிக்கடைப் பையில் கட்டி மடியில் வைத்துக்கொண்டு பேசியது. "தம்பி, காலைல வந்து இடிச்சிருவாகளாப்பா?" பேரன் செல்லில் அந்தக் கார்டைக் காட்டியிருக்கிறான். தையல் மெஷினையும் கிரைண்டரையும் சாயங்காலமே லோடு ஆட்டோவில் ஏற்றி மச்சினன் வீட்டுக்கு அனுப்பிவிட்டது. அறுநூறு ரூபாய் வாடகை. நான் ஆர்டரைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். நான்கு வாரத்துக்கு யாரும் கை வைக்க முடியாது, அதற்குப் பிறகு என்ன ஆகும் என்று இப்போது யாருக்கும் தெரியாது என்றும் சொன்னேன். ஜெயித்துவிட்டோம் என்று சொல்லவில்லை. கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் கேட்டது: "அப்ப செல்லுல போட்டிருக்கானே, அது யாரு சொன்னது?"

மெஷின் இன்னும் மச்சினன் வீட்டில்தான் இருக்கிறது. திரும்ப ஏற்றிவர இன்னொரு அறுநூறு கேட்கிறான் ஆட்டோக்காரன்.