ஐம்பது வருஷமாகச் செத்துக்கொண்டிருக்கும் ஷோ

போன ஞாயிற்றுக்கிழமை காலை இட்லி சாப்பிட்டுக்கொண்டே அக்கா மகனுக்கு ஒரு கிளிப் அனுப்பினேன். நியூஜெர்சியில் காலேஜ் படிக்கிறான். அங்கே அப்போது நள்ளிரவு தாண்டியிருந்தது. உடனே பதில் வந்தது: “மாமா, நீங்க இன்னுமா எஸ்.என்.எல். பாக்கறீங்க? அது செத்துப் பல வருஷமாச்சு!”

எஸ்.என்.எல்., அதாவது அமெரிக்க டிவியில் சனிக்கிழமை ராத்திரி நேரலையாக வரும் காமெடி ஷோ ‘சாட்டர்டே நைட் லைவ்’, செத்துப்போச்சு என்பது ஒன்றும் புதுச் செய்தி இல்லை. லைவை எடுத்துவிட்டு ‘டெட்’ என்று போட்டுத் தலைப்பு வைப்பது அமெரிக்கப் பத்திரிகைக்காரர்களின் பழைய வழக்கம். 1975 அக்டோபர் 11 அன்று என்.பி.சி.யில் ஆரம்பித்த ஷோ. 1980ல் இதை உருவாக்கிய லோர்ன் மைக்கேல்ஸும் முதல் செட் நடிகர்களும் விலகிப் போனார்கள். அடுத்த சீசன் படு சொதப்பல். புதுத் தயாரிப்பாளரைப் பாதி வழியிலேயே அனுப்பிவிட்டார்கள். ஆனால் அந்தச் சொதப்பல் சீசனில்தான் 19 வயதில் எடி மர்ஃபி உள்ளே வந்தார். 1985ல் லோர்ன் திரும்பி வந்து ஷோவைக் கையில் எடுத்துக்கொண்டார்.

லோர்ன் அடிக்கடி ஒன்று சொல்வார். அவரவர் பள்ளிக்கூடத்தில் படித்தபோது யார் நடித்தார்களோ, அவர்கள்தான் அவரவருக்கு உசத்தியாம். எனக்கு இது வசதியான சால்ஜாப்பாகத்தான் படுகிறது. நான் பள்ளியில் படித்த ஊரில் எஸ்.என்.எல். என்றால் யாருக்கும் தெரியாது. 26 வயதில், 2003ல், நியூஜெர்சியில் நாலு பேச்சுலர்கள் இருந்த அபார்ட்மெண்டில்தான் முதல் தடவை பார்த்தேன். சனிக்கிழமை ராத்திரி துணி துவைத்து மடித்து, மிச்சமிருந்த சாம்பாரைச் சூடு பண்ணிச் சாப்பிட்டு முடித்தால் சரியாக 11:30 ஆகும். அன்றைக்கும் தொண்ணூறு நிமிஷத்தில் இருபது நிமிஷம் தேறினால் பெரிய விஷயம். நடுவில் பாட்டு வந்தால் மதுரைக்காரன் ஒருத்தன் தலையணையைத் தேடிப் போய்விடுவான், கச்சேரியில் தனி ஆவர்த்தனம் ஆரம்பித்ததும் கேன்டீனுக்கு எழுந்து போகிற கூட்டம் மாதிரி. (ஷோ நடக்கும் 8எச் ஸ்டூடியோ, இசை நடத்துநர் டோஸ்கனினியின் சிம்பொனி இசையை ஒரு காலத்தில் ரேடியோவில் ஒலிபரப்பிய இடம்தான் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.)

அதனால் “அந்தக் காலத்தில் எல்லாமே சிரிப்பு” என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அவர்களுக்கு ஞாபகம் இருப்பது தேறிய அந்த இருபது நிமிஷம்.

இதை எப்படிச் செய்கிறார்கள் என்று பார்த்தால் இருபது நிமிஷம் தேறுவதே அதிசயம்தான். திங்கட்கிழமை, அந்த வாரம் ஷோவை நடத்த வரும் விருந்தினரோடு லோர்ன் அறையில் உட்கார்ந்து ஐடியா சொல்வார்கள். செவ்வாய் ராத்திரி விடிய விடிய எழுத்து. புதன்கிழமை சுமார் நாற்பது ஸ்கெட்சுகளை (குட்டிக் காமெடி நாடகங்களை) மேஜையைச் சுற்றி உட்கார்ந்து படிப்பார்கள். அதில் பத்துப் பன்னிரண்டுதான் செட் போடுகிற வரைக்கும் வரும். சனிக்கிழமை ராத்திரி 8 மணிக்கு வேறொரு கூட்டத்தை உட்கார வைத்து முழு ஒத்திகை. அங்கே சிரிப்பு வராதது வெட்டுப்படும். வசனம் கடைசி நிமிஷம் வரை மாறுவதால் பெரிய அட்டைகளில் மார்க்கரால் கையால் எழுதி, கேமராவுக்குப் பக்கத்தில் நின்று தூக்கிப் பிடிப்பார்கள். “இவங்க எதிரே நிக்கிற ஆளைப் பாக்காம எங்கயோ பாத்துப் பேசறாங்க” என்று குறை சொல்கிறவர்களுக்குச் சொல்கிறேன், அவர்கள் பார்ப்பது அந்த அட்டையை.

சரி, மருமகன் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதியின் பெயர் கோல்ட் ஓப்பன். டைட்டிலுக்கு முன்னால் வரும் அரசியல் கூத்து. 2008ல் நடிகை டீனா ஃபே, அப்போது துணை ஜனாதிபதி தேர்தலில் நின்ற சாரா பேலினாக வந்தபோது சோபாவிலிருந்து விழுந்து சிரித்தேன். அதில் ஒரு பேட்டி ஸ்கெட்சில் பேலின் நிஜமாகவே சொன்ன பதிலையே கிட்டத்தட்ட அப்படியே திருப்பிச் சொன்னார். அந்த அம்மாவின் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டிருந்தார்கள். 2016ல் நடிகர் அலெக் பால்ட்வின் டிரம்ப்பாக வந்தார், எம்மி விருதும் வாங்கினார். எனக்கு மூன்றாவது வாரமே அலுத்துவிட்டது. உதட்டைக் குவித்துக்கொண்டு அந்த வாரச் செய்தியைப் படிப்பது நகைச்சுவையா? செய்திதான் ஏற்கெனவே பார்த்தாயிற்றே! 2017ல் டிரம்ப் பதவியேற்ற மறுநாள், தமிழ்நாட்டிலிருந்து போன பெற்றோரின் மகனான காமெடியன் அஸீஸ் அன்சாரி அந்த மேடையில் நின்று, வேஷம் எதுவும் போடாமல் தன் பேச்சாகவே பேசினாரே, அதில் இருந்த கூர்மை பால்ட்வின்னின் மொத்த விக்குக்கும் வராது. 2021ல் வந்து டிரம்ப்பாக நடிக்கும் ஜேம்ஸ் ஆஸ்டின் ஜான்சன் பரவாயில்லை. குரலை மட்டுமல்ல, ஒரு விஷயத்தில் ஆரம்பித்து சம்பந்தமே இல்லாத இன்னொன்றுக்குத் தாவுகிற அந்தப் புத்தியையே பிடித்திருக்கிறார். ஆனாலும் கோல்ட் ஓப்பன் வந்தால் நான் காபி போடப் போய்விடுவேன்.

எனக்கு இந்த ஷோ பிடித்திருப்பது 12:50க்கு வரும் கடைசி ஸ்கெட்சுக்காக. பாதிக் கூட்டம் தூங்கியிருக்கும், எழுதியவருக்கே பித்துப் பிடித்துவிட்டதோ என்று தோன்றும். 2009ல் வில் ஃபோர்ட்டேயும் ஜேசன் சுடேகிஸும் செய்த ஒன்று இன்னும் கண்ணில் நிற்கிறது. நாசாவில் வேலைக்கு நேர்முகத் தேர்வு. வந்தவர் அங்கே இருந்த உருளைக்கிழங்கு சிப்ஸில் ஒன்றை எடுத்துத் தின்றுவிடுகிறார். அவ்வளவுதான் கதை. அதற்கு ஏதோ குடும்ப மானமே போய்விட்ட மாதிரி ஒரு கூப்பாடு. எதற்குச் சிரித்தோம் என்று எங்கள் நாலு பேரில் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை.

இப்போது அப்படி வருவதில்லையா? வருகிறது. 2024 ஏப்ரலில் நடிகர் ரயன் காஸ்லிங் விருந்தினராக வந்த வாரம் பார்த்தீர்களா? செயற்கை நுண்ணறிவு பற்றி டிவியில் சீரியஸான உரையாடல். பேராசிரியராக கீனன் தாம்ப்ஸன் (2003லிருந்து அங்கேயே இருக்கிறார், நான் பார்க்க ஆரம்பித்த வருஷம்!). பேசிக்கொண்டே வந்தவர், எதிரே கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் ஒருவரை (காஸ்லிங்தான்) பார்த்துத் தடுமாறுகிறார். ‘பீவிஸ் அண்ட் பட்-ஹெட்’ என்ற பழைய டிவி கார்ட்டூனில் வரும் பீவிஸின் முகம், அதே தூக்கி நிற்கும் மஞ்சள் முடி. அந்த ஆளுக்கோ தான் யாரைப் போல இருக்கிறோம் என்றே தெரியாது. அவரை நகர்த்தி உட்கார வைத்தால், அந்த இடத்தில் பீவிஸின் கூட்டாளி பட்-ஹெட் முகத்தோடு இன்னொரு நடிகர் மைக்கி டே. பேட்டி எடுக்கும் ஹைடி கார்ட்னர் திரும்பி அந்த முகத்தைப் பார்க்கிறார். அவ்வளவுதான். அடக்கமுடியாமல் வெடித்துச் சிரிக்கிறார். கேமரா ஓடிக்கொண்டிருக்கிறது, கட் சொல்ல ஆள் இல்லை, சிரிப்பை விழுங்கிவிட்டு அடுத்த வரியைச் சொல்லியாக வேண்டும். லைவ் என்பது அந்த நாலு விநாடி.

கிளிப்பாகப் பார்ப்பதில் எனக்குள்ள குறையும் இதுதான். நல்ல ஸ்கெட்சை மட்டும் வெட்டி எடுத்து போனில் தந்துவிடுகிறார்கள், இல்லையென்றால் மட்டமானதைத் திட்டுவதற்கென்றே பகிர்கிறார்கள். முன்னால் மூன்று ஸ்கெட்ச் ஊத்திக்கொண்டு, கொட்டாவி விட்டுக்கொண்டிருக்கும்போது நாலாவது வந்து அடிக்கிற அடி அதில் கிடைக்காது. முழுசாக ஒரு வாரம் உட்கார்ந்து பாருடா என்று மருமகனிடம் சொன்னேன். “ஒன்றரை மணி நேரமா?” என்றான். மூன்று மணி நேரப் படத்தை இடைவேளை பாப்கார்னோடு பார்க்கிற பயல்.

அப்புறம் டிக்கெட் பேச்சு வந்தது. காசு கிடையாது, குலுக்கல்தான். ஆகஸ்ட் மாதம் மட்டும் மின்னஞ்சல் வாங்குவார்கள். அங்கிருந்த காலத்தில் வருஷா வருஷம் அனுப்பினேன், ஒரு தடவைகூட விழவில்லை. இந்த ஆகஸ்டில் உன் பெயரில் அனுப்பு என்றேன். “செத்துப்போன ஷோவுக்கு எதுக்கு மாமா?” என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தான்.

கால் மணி நேரம் கழித்து மெசேஜ்: “விழுந்தா ஒரு டிக்கெட்டா ரெண்டா?”