இன்வெர்ட்டர் பேட்டரி விக்கிறதுக்கு முன்னாடி லோடு என்னன்னு கேளுங்க அண்ணாச்சி!

"150 ஏஎச் டியூபுலர் போட்டுருங்க, அஞ்சு வருசத்துக்குக் கவலையே இல்ல." பாளையங்கோட்டையில நான் ஏறி இறங்கின கடையில எல்லாம் இதே பாட்டுதான். (டியூபுலர்ங்கறது ஈய பேட்டரியில ஒரு ரகம், ஏஎச்ங்கறது ஆம்பியர் அவர், பேட்டரியோட கொள்ளளவு.) லோடு என்ன, அதாவது வீட்ல எத்தன ஃபேன் ஓடும், கரண்டு போனா எவ்வளவு நேரம் வராது, பேட்டரிய எங்க வைக்கப் போறிய? ஒருத்தர் கேக்கணுமே!

150 ஏஎச், 12 வோல்ட்னா பெருக்கிப் பாத்தா 1800 வாட் அவர், அதுதான் பேட்டரி அடக்குற மொத்த மின்சாரம். ஆனா ஈய பேட்டரிய பாதிக்கு மேல அடிக்கடி காலி பண்ணினா ஆயுசு மளமளன்னு குறையும். அப்போ கைக்கு வர்றது 900தான். அந்த 150ங்கறதும் பெரும்பாலும் 20 மணி நேரம் மெதுவா இழுத்தா வர்ற கணக்கு. நாலு ஃபேனும் லைட்டும் சேந்து ஓடினா ரெண்டரை மணி நேரம் தேறாது. 100 ஏஎச் லித்தியத்துல 12.8 வோல்ட் கணக்குக்கு 1280 வாட் அவர் இருக்கு, அதுல 80 சதவீதம் எடுத்தாலே ஆயிரத்தத் தாண்டுது. இதச் சொல்லாம "150 பெருசா, 100 பெருசா?"ன்னு கேட்டு யாவாரம் பண்ணுதது அநியாயம்.

60 மாச வாரண்டின்னு வாயால சொல்லுதாவ. அட்டையப் படிச்சா முதல் 36 மாசத்துக்குத்தான் முழுசா மாத்தித் தருவாவளாம், மிச்சம் 24 மாசத்துக்கு புது பேட்டரி விலையில கழிவு மட்டும். ஆயுசுக் கணக்கு வேற 25 டிகிரி சூட்டுக்குப் போட்டது. அதுக்கு மேல 10 டிகிரி ஏறினா ஈய பேட்டரியோட ஆயுசு ஏறக்குறைய பாதியாயிரும். நம்மூரு சித்திரை வெயில்ல தகர செட்டுக்குள்ள வச்சா என்னாகும்?

எங்க பெரியம்மை வீட்டு பேட்டரியப் பாத்து வயிறெரிஞ்சிட்டு. டெர்மினல் பூரா பச்சையும் வெள்ளையுமா பூத்துக் கெடக்கு, மூடியக் கழத்தினா தண்ணி வத்தி தகடு வெளிய தெரியுது. போர் தண்ணியத்தான் ஊத்திருக்கா. டிஸ்டில்டு வாட்டர் ஊத்தணும்னு வித்தவரு ஒரு வார்த்தை சொல்லலையாம். வயசான மனுசிக்கு அதச் சொல்ல ஒரு நிமிசம் ஆகுமா?

சரி, லித்தியம் விக்கிறவங்களாவது ஒழுங்கான்னா அங்கயும் இதே கததான். "பழைய இன்வெர்ட்டர்லயே மாட்டிக்கலாம் சார்"ங்காவ. எப்படி மாட்ட? ஈய பேட்டரிக்குன்னு செஞ்ச இன்வெர்ட்டர் சிலது சார்ஜ் ஏத்தும்போது 15 வோல்ட்டத் தாண்டும். வீட்டுக்கு வழக்கமா விக்கிற லித்தியம் அயர்ன் பாஸ்பேட் ரகத்துல நாலு செல்லுக்கு 14.6தான் உச்சம். பேட்டரிக்குள்ள இருக்க காவல் சர்க்யூட்டு, அதான் பிஎம்எஸ், நல்லதா இருந்தா சார்ஜ வெட்டிரும், மட்டமானதா இருந்தா செல்லு போச்சு. இன்னொருத்தரு ஸ்கூட்டர் எரிஞ்ச வீடியோவக் காட்டி "லித்தியமே வேண்டாம்"ங்காரு. பல ஸ்கூட்டர்ல இருக்கது நிக்கல் கலந்த வேற ரகம். அயர்ன் பாஸ்பேட் அவ்வளவு லேசுல தீப்பிடிக்காதுங்கறது அவருக்குத் தெரியாமலா இருக்கும்?

2023 டிசம்பர்ல நெல்லையில வந்த வெள்ளத்துல பல தெருவுல நாள்கணக்கா கரண்டு இல்ல. காலியான ஈய பேட்டரி அப்படியே கெடந்தா தகட்டுல சல்பேட் படிஞ்சு செத்துரும். கூடங்குளம் இருக்கிற மாவட்டத்துல இந்த நெலம!

மாசம் ஒரு நாள் பராமரிப்பு மின்தடை மட்டும்தான்னா டியூபுலரே போதும், காச மிச்சம் பிடிக்கலாம். சோலார் வச்சு தினமும் ராத்திரிக்கு இழுக்கணும்னா, விலை கூடினாலும் லித்தியம்தான். இத நேரா சொல்லுங்களேன். லோடு கேட்டுட்டு விலையச் சொல்லுங்க. எத்தன வாட் அவர் எடுக்கலாம், என்ன வகை செல்லு, எந்த வோல்ட்ல சார்ஜ், வாரண்டியில முழுசா மாத்தித் தர்றது எத்தன மாசம்னு பில்லுல எழுதி சீல் குத்திக் குடுங்க!